கழிமுகத்துக் கொடுவா

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வடபால் வெள்ளாறும் தென்பால் கொள்ளிடமும் கடலொடு கலக்கும் இடங்களுக்கு நடுவே, பிச்சாவரம் என்னும் அலையாத்திக் காடு பரந்து கிடக்கின்றது. காடு என்றவுடன் மலைச்சாரலையும் கொடு விலங்குகளையும் எண்ணுதல் வேண்டா. இது நீரில் நிற்கும் காடு. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் உவர்நீர்ச் சேற்றில் வேரூன்றி வளர்ந்துள்ளன. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயர் இம்மரத்தால் வந்ததே. மரத் தொகுதிகளுக்கு இடையே சிறிதும் பெரிதுமாகக் கால்வாய்கள் ஓடி, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றுட் பலவற்றில் நீர் இடுப்பளவுக்கு மேல் இராது. ஓதம் வடிந்த வேளையில் கணுக்கால் நனையும் அளவே நீர் நிற்கும் இடங்களும் உள.

இத்துணை ஆழமற்ற நீரில் ஒரு முழத்தினும் நீண்ட மீன் வாழும் என்று அயலூரார் எளிதில் நம்பமாட்டார். ஆயினும், மாலை மயங்கும் நேரத்தில் ஒரு கால்வாயின் வாயிலில் ஓசையின்றி நின்று செவி கொடுப்பவர்க்குத் திடீரென்று 'பொளக்' என்னும் ஓர் ஒலி கேட்கும். குடத்தை நீரில் கவிழ்த்து அழுத்தி வெடுக்கென எடுத்தாற்போன்ற ஒலி அது. ஒலி எழுந்த இடத்தில் நீர் வட்டமாகச் சுழலும். நாற்புறமும் சிற்றிறால்கள் துள்ளிச் சிதறும். பிறகு முன்போலவே அமைதி நிலவும். அங்கே ஒரு கொடுவா இரை கொண்டது என்பதைப் பழகிய வலைஞர் கண்ணாற் காணாமலே அறிவர்.

ஆங்கிலத்தில் 'பாஸ்' என்னும் பொதுப்பெயரால் வழங்கும் மீன்கள் பல. அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் வேறு. ஐரோப்பியக் கடற்கரையில் வாழும் பாஸ் வேறு. ஆசியக் கடற்பாஸ் என்று அம்மொழியார் குறிப்பது தமிழ்நாட்டு மீனவர் கூறும் கொடுவாவையே. வங்காளத்தார் இதனைப் பேட்கி என்பர். மலையாளத்தார் காளாஞ்சி என்பர். ஆந்திரர் பண்டுகப்பா என்பர். ஆசுதிரேலியாவில் இதன் பெயர் பாரமுண்டி. பாரசீக வளைகுடா முதல் ஆசுதிரேலியாவின் வடகரை வரையில் இம்மீன் வாழ்கின்றது. 1790-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து மருத்துவரும் மீனியல் அறிஞருமாகிய பிளாக் என்பவர் இதனை அறிவியல் முறையில் விளக்கி, 'குதிமுள் தாங்கியது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லை இதற்குப் பெயராக இட்டார். அப்பெயர் ஏன் பொருந்தும் என்பதை இம்மீனின் செவுள் மூடியை அறியாது தொட்டவர் உடனே உணர்வர். அம்மூடியின் ஓரம் அரம்போல் பற்களுடையது. அதன் கோணத்தில் வலிய முள் ஒன்றும் உண்டு. கையையும் கிழிக்கும், தூண்டில் நரம்பையும் அறுக்கும்.

கொடுவாவின் உடல் நீண்டு, பக்கங்களில் ஒடுங்கியது. பக்கங்கள் வெள்ளிபோல் மின்னும். முதுகு பசுமை கலந்த கருஞ்சாம்பல் நிறமாக இருக்கும். நெற்றி சற்றே குழிந்து மூக்கு முன்னோக்கிக் கூர்ந்திருக்கும். வாய் மிகப் பெரிது. மேல்தாடையின் முடிவு கண்ணுக்கும் பின்னே செல்லும். கீழ்த்தாடை மேல்தாடையினும் முன்னே நீண்டிருக்கும். வால் விசிறிபோல் வட்டமானது. இவ்வாலைக் கண்டே இதன் வாழ்க்கை முறையை ஒருவாறு ஊகித்துக் கொள்ளலாம். கடலில் நெடுந்தொலைவு விரைந்து நீந்தும் சூரை முதலிய மீன்களின் வால் பிறைபோல் பிளந்திருக்கும். அகன்ற வட்ட வால் நெடும்பயணத்திற்கு ஏற்றதன்று; நின்ற இடத்திலிருந்து ஒரே வீச்சில் பாய்வதற்கு ஏற்றது. கொடுவா துரத்திச் சென்று வேட்டையாடும் மீன் அன்று. மறைந்திருந்து பாயும் மீன்.

இம்மீன் ஆழத்தை விட்டு இச்சிறு நீருக்கு வருவது இரையின் பொருட்டே. இதன் வயிற்றை அறுத்து ஆராய்ந்தவர்கள் கண்ட கணக்கு இது: விரல் நீளமுள்ள குஞ்சுகளின் உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நுண்பாசி முதலிய மிதவை உயிர்கள், எஞ்சியவை சிற்றிறாலும் சிறுமீனும். 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தபின் அது முற்றிலும் ஊனுண்ணியாகின்றது. அப்பருவத்தில் உணவில் 70 விழுக்காடு இறாலும் சிறு நண்டும். 30 விழுக்காடு மடவை, காரல் போன்ற சிறுமீன்கள். இறாலும் மடவைக் குஞ்சும் மிகுதியாக வாழும் இடம் எது? மரத்து இலைகள் உதிர்ந்து மக்கி உணவாகும் சேற்றுப் பரப்பே. வேர்களின் இடுக்கு அவற்றிற்கு வீடு. மக்கிய இலை அவற்றிற்கு உணவு. ஆதலின் அவற்றை உண்ணும் கொடுவாவும் அங்கே வருகின்றது.

அது உண்ணும் முறை வியப்புக்குரியது. நாயும் புலியும்போல அது பல்லாற் கடித்துக் கிழிப்பதில்லை. அதன் வாயில் கோரைப்பற்கள் இல்லை. தடவினால் சொரசொரப்பாக இருக்கும் நுண்பற்களே உள்ளன. இரை அண்மையில் வந்ததும் அது வாயைப் பெரிதாகத் திறந்து, அதனோடு செவுள் மூடிகளையும் விரிக்கின்றது. வாய்க்குள் வெற்றிடம் உண்டாகின்றது. அவ்வெற்றிடத்தை நிரப்ப நீர் விரைந்து புகும்போது இரையும் நீரோடு இழுக்கப்பட்டு உள்ளே போகின்றது. பின்னர் வாயை மூடி, நீரைச் செவுள்களின் வழியே வெளியேற்றி, இரையை முழுமையாக விழுங்குகின்றது. இவை யாவும் கண் இமைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடும். நீர்மட்டத்தை ஒட்டி இரை இருந்தால் நீரோடு காற்றும் உறிஞ்சப்படும். 'பொளக்' என்னும் ஒலி அதனால் எழுவதே. இம்முறையை மாணவர் நினைவில் நிறுத்துக. தூண்டிற்காரன் செய்யும் பிழைகளுட் பெரியது இதனை அறியாமையால் வருவது.

சேறு கலங்கிய நீரில் இரை இருக்கும் இடத்தை அது எவ்வாறு அறிகின்றது? கண் ஒன்று. இரவில் விளக்கொளி பட்டால் கொடுவாவின் கண் செந்நிறமாக ஒளிரும். பூனையின் கண்போலவே, உட்புகுந்த ஒளியைத் திருப்பி வீசும் அமைப்பு அதில் உண்டு. ஆதலின் மங்கிய ஒளியிலும் அதற்குப் பார்வை போதும். மற்றொன்று, தலைக்குப் பின்னிருந்து வால்வரை உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு. நீரில் எழும் சிறு அதிர்வையும் அக்கோட்டிலுள்ள நுண்ணுறுப்புகள் உணரும். ஓர் இறால் துடிப்பதும் உணரப்படும். ஒரு மனிதன் சேற்றில் காலை அழுத்தி வைப்பதும் உணரப்படும். காற்றில் செல்வதைக் காட்டிலும் நீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேலான விரைவோடு செல்லும். படகின் விளிம்பில் கோல் ஒருமுறை இடித்தால் அச்செய்தி கால்வாய் முழுவதும் பரவிவிடும். ஆழ்ந்த நீரில் மீன் கீழே சென்று ஒளியலாம். ஆழமற்ற நீரில் அதற்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே ஆழமற்ற நீரில் உள்ள மீன் மிகவும் அச்சமுடையது. சிறு ஐயம் தோன்றினும் அவ்விடத்தை விட்டு அகன்றுவிடும். ஆரவாரம் செய்வோர்க்குக் கொடுவா அகப்படாது.

இனி, எல்லாவற்றினும் முதன்மையானது ஓதம். கடல்நீர் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஏறி, ஆறு மணி நேரம் இறங்குகின்றது. இவ்வாறு நாளொன்றுக்கு இருமுறை நிகழும். ஒவ்வொரு நாளும் முந்திய நாளினும் ஏறத்தாழ 50 நிமிடம் தாழ்ந்து நிகழும். பிச்சாவரத்தை அடுத்த கடற்கரையில் நீர் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும். கடலில் செல்லும் பெரிய கப்பலுக்கு இது பொருட்டன்று. முழங்கால் ஆழமுள்ள கால்வாய்க்கோ இதுவே வாழ்வும் தாழ்வும் ஆகும்.

நீர் ஏறும்போது கால்வாய்கள் நிரம்பி, கரை கடந்து, மரங்களின் அடிவரையில் பரவுகின்றன. இறாலும் மடவைக் குஞ்சுகளும் அந்நீரோடு காட்டுக்குள் புகுகின்றன. புதிதாக நனைந்த சேற்றில் அவற்றிற்கு உணவு மிகுதி. வேர்களின் நெருக்கத்தில் காவலும் மிகுதி. கொடுவாவும் பின்தொடர்ந்து உட்செல்லும். ஆயின் அப்போது இரையும் மீனும் பரந்து சிதறியிருக்கின்றன. நீர் வடியத் தொடங்கியதும் நிலைமை மாறுகின்றது. காட்டுக்குள் பரவிய நீர் முழுவதும் சில சிறிய ஓடைகளின் வழியே பெருங்கால்வாய்க்கு இறங்க வேண்டும். அதனோடு இறாலும் குஞ்சுகளும் இறங்கியே ஆகவேண்டும். இறங்காதவை சேற்றில் மடியும். ஊர் மக்கள் திருவிழா முடிந்து ஒரே சந்தின் வழியாக வெளியேறுவதை இதற்கு ஒப்புமையாகக் கூறலாம். அச்சந்தின் முனையில் கொடுவா காத்திருக்கின்றது.

அது காத்திருக்கும் இடத்தையும் அறிதல் வேண்டும். ஓடும் நீரின் நடுவில் அது நிற்பதில்லை. அங்கு நின்றால் நீரை எதிர்த்து ஓயாது நீந்த வேண்டும். உண்ணும் இரையினும் இழக்கும் வலிமை மிகுந்துவிடும். சாய்ந்த மரத்தின் அடி, சுரபுன்னையின் வில்போல் வளைந்த வேர்களின் பின்புறம், கரை மூலை, பழைய கட்டு மரமோ கம்பமோ நீரில் அமிழ்ந்து கிடக்கும் இடம் என இவற்றின் பின்னே நீர் தணிந்து சுழலும். அந்நிழலில், நீர் வரும் திசையை நோக்கித் தலைவைத்துக் கொடுவா அசையாது நிற்கும். விரைந்தோடும் நீர் இரையைச் சுமந்து அதன் வாயிலண்டை கொண்டுவந்து சேர்க்கும். பாய்வது ஓரிரு முழமே. பாய்ந்தபின் மீண்டும் அதே இடத்திற்குத் திரும்பும். பெரிய மீன் நல்ல இடத்தைக் கைப்பற்றிக்கொள்ளும். சிறியவை எஞ்சிய இடங்களில் ஒதுங்கும்.

ஓர் இளைஞன் விடுமுறை நாளொன்றில் தூண்டிலும் கையுமாகக் கழிக்கரைக்கு வருகின்றான் என்று வைத்துக்கொள்க. நேரம் நண்பகல். ஓதம் நிரம்பி நீர் கண்ணாடிபோல் அசைவின்றி நிற்கின்றது. எங்கும் நீராகத் தோன்றுதலின் எங்கும் மீன் உண்டு என்று அவன் எண்ணுகின்றான். கால்வாயின் நடுவே, நீர் அகன்ற இடமாகப் பார்த்துத் தூண்டிலை வீசுகின்றான். மீனோ அந்நேரத்தில் காட்டின் உள்ளே வேர்களிடையே இருக்கின்றது. ஒரு மணி நேரம் காத்திருந்து, வெயிலைப் பழித்து, 'இக்கழியில் மீனே இல்லை' என்று கூறிச் செல்கின்றான்.

அவன் சென்றபின், அதே கரைக்கு ஒரு முதியவர் வருகின்றார். அவர் உடனே தூண்டிலை வீசுவதில்லை. முதலில் வேர்களைப் பார்க்கின்றார். நீர்மட்டத்திற்கு மேல் இரண்டு விரல் அளவு ஈரம் தெரிகின்றது. எனவே நீர் வடியத் தொடங்கிவிட்டது. மிதக்கும் நுரையும் சருகும் எப்பக்கம் நகர்கின்றன என்று பார்க்கின்றார். சிற்றோடை ஒன்று கால்வாயில் விழும் மூலையில் நான்கு கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன. கொக்குகள் காரணமின்றிக் கூடுவதில்லை. குஞ்சுகள் இறங்கும் வழி அதுவே. அவ்வோடையிலிருந்து வரும் கலங்கல் நீரும் கால்வாயின் தெளிந்த நீரும் கலக்கும் இடத்தில் ஒரு கோடு தெரிகின்றது. அதற்குச் சிறிது கீழே ஒரு மரம் சாய்ந்து கிடக்கின்றது. அவர் தம் நிழல் நீரில் விழாதபடி விலகி, குந்தி அமர்ந்து, சுருட்டு ஒன்று பற்றவைத்துக் கொள்கின்றார். நீர் நன்றாக ஓடத் தொடங்கும் வரையில் அவருக்கு வேறு வேலை இல்லை.

அவர் தூண்டில் முள்ளில் கோப்பது உயிருள்ள இறால். அதன் வாலருகே முள்ளை மெல்ல ஏற்றினால் அது நெடுநேரம் உயிரோடு துடிக்கும். அத்துடிப்பே கொடுவாவின் பக்கக்கோட்டுக்கு அனுப்பும் அழைப்பு. இரையை மீனின் தலைமேல் எறிதல் கூடாது. நீர் வரும் பக்கத்தில், சற்று மேலே விட்டால், ஓட்டம் அதனை இயல்பாக மரத்தடிக்குக் கொண்டு சேர்க்கும். கொடுவாவுக்கு அது ஓடையிலிருந்து இறங்கும் மற்றோர் இறாலே. ஓட்டத்திற்கு எதிராக இழுபட்டு வரும் இறாலை அது ஐயுறும்; உலகில் எந்தச் சிற்றிறாலும் வலிய ஓட்டத்தை எதிர்த்து நேர்க்கோட்டில் செல்வதில்லை அன்றோ!

நரம்பை இறுகப் பிடித்தல் ஆகாது. மீன் உறிஞ்சி உண்பது என்று மேலே கூறப்பட்டது. நரம்பு இறுகியிருந்தால் இறால் நீரோடு உள்ளே செல்லாமல் வாயிலின் வெளியே நின்றுவிடும். மீன் நீரை மட்டும் குடித்துவிட்டு அகன்றுவிடும். தளர்ந்த நரம்பு விட்டிருந்தால் இரை எளிதில் உட்புகும். பின்பு நரம்பு நகரத் தொடங்கியதும் உறுதியாக இழுக்க வேண்டும். முள் தைத்தவுடன் கொடுவா நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். அதுவும் பயனளிக்காவிடில் வேர்களை நோக்கி ஓடும். செவுள் மூடியின் கூர்மையை எண்ணி, முள்ளை அடுத்த ஒரு முழ நீளத்திற்கு மட்டும் தடித்த நைலான் நரம்பைக் கட்டியிருப்பார் அம்முதியவர். இளைஞன் கட்டியிருந்தது தொடக்கம் முதல் முடிவு வரை மெல்லிய நரம்பு. அவனுக்கு மீன் அகப்படாமையும் ஒருவகையில் நன்மையே; அகப்பட்டிருந்தால் முள்ளோடு அறுத்துக்கொண்டு போயிருக்கும்.

எல்லா நாளும் ஓதம் ஒரு தன்மையாக இராது. முழுமதியையும் மறைமதியையும் உவா என்னும் ஒரே சொல்லால் குறிப்பது பழந்தமிழ் வழக்கு. வெள்ளுவா, காருவா என்று அடைகொடுத்து அவற்றைப் பிரித்துணர்ந்தனர். வானில் முற்றிலும் மாறுபட்ட அவ்விரு நாளுக்கும் ஒரே பெயர் அமைந்தமை முதலில் வியப்பாகத் தோன்றலாம். கடலைப் பார்த்தால் வியப்பு நீங்கும். அவ்விரு நாள்களை ஒட்டியே ஓதம் மிக உயர்ந்து மிகத் தாழ்கின்றது. அந்நாள்களில் நீர் காட்டின் உட்புறம் வரையில் சென்று மீள்வதால் ஓடைகளில் இறங்கும் இரையும் மிகுதி. அட்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் இறக்கமும் சிறியவை, நீர் சோம்பிக் கிடக்கும், மீனும் அவ்வாறே.

மழையும் இதில் தன் பங்கை ஆற்றுகின்றது. தமிழ்நாட்டுக் கீழைக்கரையில் கோடைக்காலத்தில் பல ஆற்றுமுகங்கள் மணல்மேட்டால் அடைபடுகின்றன. உள்ளே இருப்பது கடலுறவு அற்ற தேங்குநீர். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து வெள்ளம் வரும்போது மணல்மேடு உடைந்து வாயில் திறக்கின்றது. அடைபட்டுக் கிடந்த மீன்கள் கடலுக்குச் செல்லவும், கடலிலுள்ள குஞ்சுகள் உள்ளே வரவும் அப்போது வழி பிறக்கின்றது. கொடுவா நன்னீர், உவர்நீர், கடல்நீர் மூன்றிலும் வாழ வல்லது. ஆயினும் மூன்றுக்கும் இடையே கதவு திறந்திருக்க வேண்டும்.

ஓதம் புகாத இடத்தில் நிகழ்வது யாது என்பதற்குப் பிச்சாவரமே சான்று. முன்னாளில் அக்காட்டில் மரங்கள் முறைவைத்துப் பகுதி பகுதியாக வெட்டப்பட்டன. வெட்டவெளியான நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. ஏறிய நீர் வடிய வழியின்றி அங்கே தேங்கி, ஆவியாகி, உப்பு முறுகியது. அவ்வுப்பில் மரம் முளைக்கவில்லை, இறாலும் தங்கவில்லை. 1990-களில் மீன்முள்ளைப் போன்ற அமைப்பில், நடுவே ஒரு பெருங்கால்வாயும் இருபுறமும் சிறுகால்வாய்களுமாக வெட்டி, ஓதத்தை மீண்டும் உள்ளே விட்டனர். கரைகளில் நட்ட கன்றுகள் தழைத்தன. 2022-ஆம் ஆண்டில் பிச்சாவரம், உலகச் சிறப்புடைய நீர்நிலங்களின் பட்டியலாகிய இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

அக்காட்டைச் சார்ந்து வாழும் இருளர்களின் மீன்பிடி முறையும் இங்குக் கூறத்தக்கது. அவர்கள் ஆழமற்ற நீரில் இறங்கி, வலையின்றியே சேற்றைக் கையால் துழாவி இறாலையும் நண்டையும் பிடிப்பர். பிடித்தவற்றை இடுவதற்கு ஓலைப்பறி ஒன்றைப் பல்லாற் கவ்விக்கொண்டிருப்பர். ஓதம் எப்போது வடியும், இறால் எவ்விடத்தில் பதுங்கும் என்பதைக் கொடுவா அறிந்தாற்போலவே அவர்களும் அறிந்திருக்கின்றனர். இருவருக்கும் இரை ஒன்றே, வேட்டைக்களமும் ஒன்றே.

கொடுவாவின் வாழ்க்கையில் மற்றொரு செய்தி உண்டு. தூண்டிற்காரரும் வலைஞரும் இதனை அறிதல் இன்றியமையாதது. இம்மீன்களிற் பெரும்பாலானவை முதலில் ஆணாகவே முதிர்கின்றன. மூன்று நான்கு ஆண்டு நிறைந்த கொடுவா ஆணாக இருந்து இனப்பெருக்கத்திற்கு உதவும். மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து பருத்தபின் அதே மீன் பெண்ணாக மாறிவிடும். எனவே கழியில் காணும் நடுத்தர மீன்கள் பெரும்பாலும் ஆண்கள்; மிகப் பெரியவை பெரும்பாலும் பெண்கள். கொடுவா 60 கிலோகிராம் வரையிலும் வளரும் என்பர். அத்துணைப் பெரிய மீன் ஒன்றைத் தோளில் தூக்கி வந்தவனை ஊரார் புகழ்வர். அவன் தூக்கி வந்தது பல ஆண்டு உயிர்பிழைத்து, ஆணாய் வாழ்ந்து முடித்து, இலட்சக்கணக்கில் முட்டையிடும் நிலைக்கு வந்த ஒரு தாய் என்பதை எத்தனை பேர் அறிவர்? அதனை ஒத்த மற்றொன்று உருவாக மீண்டும் அத்தனை ஆண்டுகள் வேண்டும். ஆசுதிரேலியாவின் குவீன்சுலாந்து மாநிலத்தில் இதற்கெனச் சட்டமே உண்டு. அங்கே 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் பிடித்து வைத்துக்கொள்ளல் ஆகாது. 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் பிடித்து வைத்துக்கொள்ளல் ஆகாது. சிறியதை விடச் சொல்லும் சட்டம் பல நாடுகளில் உண்டு. பெரியதையும் விடச் சொல்லும் சட்டம் அரிது. கொடுவாவின் இயல்பை அறிந்தே அச்சட்டம் வகுத்தனர்.

சிறியவற்றின் நிலைமை வேறு. விரல் நீளக் குஞ்சுகள் பழுப்பு நிறமாக, தலைமேல் வெண்கோட்டுடன், சருகிடையே சருகுபோல் கிடக்கும். அவற்றிற்கு முதற்பகை அவற்றின் உடன்பிறப்புகளே. ஒரு கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் பாதிக்கும் மேற்பட்ட நீளமுடைய மற்றொரு குஞ்சை விழுங்க வல்லது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் 1997-இல் இம்மீனை இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்தனர். அத்தகைய குஞ்சு பொரிப்பகங்களில் சில நாளுக்கு ஒருமுறை குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரித்து வேறுவேறு தொட்டிகளில் விடுவர். பள்ளியில் மாணவரை உயரத்திற்கேற்ப நிறுத்துவது போன்றதே அது. ஆயின் இங்கே வரிசை தவறினால் குட்டையானவன் நெட்டையானவன் வயிற்றுக்குள் போய்விடுவான். இயற்கையில் பிரித்து வைப்பார் இல்லை. வேரிடுக்குகளும் கணுக்கால் ஆழ ஓடைகளுமே அவ்வேலையைச் செய்கின்றன. பெரியது நுழைய இயலாத நீரில் சிறியது பிழைக்கின்றது. கொசுவலை போன்ற நுண்கண் வலையை அவ்வோடை வாயிலில் குறுக்கே கட்டினால், இறாலொடு அவையும் அள்ளப்படுகின்றன. சந்தையில் அவற்றிற்கு விலை இல்லை. கருவாட்டுக் குவியலிலே சேர்கின்றன. தப்பியவையோ இரண்டு மூன்று ஆண்டுகளில் 3 முதல் 5 கிலோகிராம் எடையை எய்தும்.

முதிர்ந்த மீன்கள் முட்டையிடுதற்கு உப்பு மிகுந்த நீரை நாடி ஆற்றுமுகத்திற்கு இறங்குகின்றன. அதற்கு அவை தேர்ந்துகொள்ளும் காலமும் உவாவை ஒட்டிய நாளே. மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட வேளை. ஓதம் ஏறும் நேரம். கண்ணுக்கு அரிதாய்த் தோன்றும் முட்டைகள் நீரில் மிதந்து ஒரு நாளுக்குள் பொரிகின்றன. நீந்தும் வலிமை பெறாத அக்குஞ்சுகளை ஏறும் ஓதமே சுமந்து கழிக்குள் செலுத்துகின்றது. முகத்துவாரத்தில் அந்நேரம் செவுள்வலை குறுக்கே நின்றால் தாய்மீன்கள் முட்டையிடும் முன்பே மாட்டிக்கொள்ளும். வலை இல்லையேல், சில வாரங்களுக்குப் பின், கொக்குகள் நிற்கும் அதே ஓடை மூலையில், வெண்கோட்டுத் தலையுடன் அரை விரல் நீளக் கொடுவாக்கள் வேருக்கு வேர் தாவி முதல் இறாலைத் தேடிக்கொண்டிருக்கும்.